கீழ்வீச்சுக்கு எண் இல்லை

காலை ஆறரைக்குப் பணகுடி அணி பயிற்சிக்கு வந்தால் முதல் வேலை டாஸ். பந்தை முன்னால் உயரத் தூக்கிப் போட வேண்டும், நாலு எட்டு ஓட வேண்டும், எகிற வேண்டும், கையை ஓங்க வேண்டும். அவ்வளவுதான். அடிக்கக் கூடாது. ஓங்கிய கை ஓங்கியபடி நிற்க, பந்து தன் பாட்டுக்குத் தரையில் விழுந்து உருண்டு போகும். அதைப் பொறுக்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்று, மறுபடியும் அதையே செய்ய வேண்டும். கைப்பந்து ஆடுகிறவர்களின் தோள்பட்டையை நம்பிப் பிழைத்த டாக்டர்கள் எல்லாரும் வேறு மூட்டுகளுக்கு மாறி வெகுநாளாகிவிட்டது.

சேர்மத்துரை மட்டும் அடித்துவிடுவான். வேண்டுமென்று செய்வதில்லை. பந்து கண்ணுக்கு நேரே வந்து தொங்கும்போது அவன் கை சொன்ன பேச்சைக் கேட்காது. மண்டபத்தில் 'பட்'டென்று சத்தம் எழுந்ததுமே கேப்டன் அய்யாக்குட்டி தலையில் அடித்துக்கொள்வான்.

"ஏல, ஒனக்கு எத்தன தடவதான் சொல்லுதது? கைய நிறுத்துல. மேட்ச்ல விசிலுக்குப் பொறவு அடிச்சா கார்டுன்னு தெரியும்லா?"

"விசில் வரலன்னா?"

"அதெல்லாம் வரும். ஒனக்குச் சாதகமா வரலன்னா எதிராளிக்குச் சாதகமா வரும்."

உண்மை என்பதால் அது சேர்மத்துரைக்குச் சுருக்கென்றது. பந்தை எடுக்கப் போனான்.

விசிலை ஊதுவது நடுவர் இல்லை, கணிப்பி. வலைக்கு நேர் மேலே உத்தரத்தில் தொங்கும் கறுப்புப் பெட்டி அது. பார்த்தால் கல்யாண வீட்டு ஸ்பீக்கர் என்றுதான் தோன்றும். சர்வீஸ் போடுகிறவன் பந்தைத் தூக்கிப் போட்ட மறுகணம் அது எல்லாவற்றையும் அளந்துவிடும். பந்து போன உயரம், கால் ஊன்றிய இடம், தோளின் கோணம், எதிர்ப்பக்கம் நிற்பவர்கள் யார், அவர்கள் இதுவரை எப்படி ஆடியிருக்கிறார்கள் என்று ஒன்று பாக்கி இருக்காது. இந்தப் புள்ளி இந்த அணிக்குத்தான் என்பது நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு உறுதி என்று அதற்குப் பட்டால் போதும், விசில் வந்துவிடும். பலகையில் நீல விளக்கு எரியும். அந்தப் பந்து 'தீர்ந்த பந்து'. அதை யாரும் அடிக்க வேண்டாம், யாரும் எடுக்க வேண்டாம். புள்ளியை எழுதிக்கொண்டு அடுத்த டாஸுக்குப் போகலாம்.

இந்த விதி வந்தபோது எதிர்த்தவர்கள் அநேகமாக இல்லை. ஆட்டக்காரர்களுக்குக் காயம் குறையும் என்றார்கள், குறைந்தது. பார்க்கிறவர்களின் நேரம் மிச்சமாகும் என்றார்கள், ஆனது. ஒரு டீ ஆறுவதற்குள் ஒரு ஆட்டம் பார்த்துவிடலாம். தெரிந்த முடிவுக்காக எதற்கு வேர்க்க விறுவிறுக்க ஓட வேண்டும் என்று கேட்டால் சட்டென்று யாருக்கும் பதில் வரவில்லை. அப்படிக் கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

போன வாரம் வெளியூரில் ஆடித் தோற்றுவிட்டு வந்தபோது, சேர்மத்துரையின் மனைவி செல்வக்கனி அவன் பனியனை மோந்து பார்த்தாள். "மேட்சுக்குத்தான் போனியளா, இல்ல பஸ் ஸ்டாண்டோட திரும்பிட்டியளா?" என்று கேட்டாள். அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். அவனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இப்போது அணியே போகிற நிலைமை. லீக் வரிசையில் பணகுடி கடைசி. சனிக்கிழமை சொந்த மண்டபத்தில் தலைநகர் அணியோடு கடைசி ஆட்டம். ஜெயித்தால் லீக்கில் இருக்கலாம். தோற்றால் உரிமம் வடக்கே ஒரு நகரத்துக்குப் போய்விடும். அந்த நகரத்துக்காரர்கள் இப்போதே பஸ் வாங்கிப் பெயரெழுதி வைத்துவிட்டார்கள் என்று கேள்வி. தலைநகர் ஜெயிக்கும் என்பதற்குக் கணிப்பி நூற்றுக்குத் தொண்ணூற்றாறு கொடுத்திருந்தது. மண்டபத்து வாட்ச்மேன்கூட வேறு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார்.

பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு ஜெசிந்தா அவனைக் கூப்பிட்டாள். அவள் அணியின் ஆய்வாளர். எந்தச் சர்வீஸ் எவ்வளவு பலன் தருகிறது என்று ஒப்பிட்டுச் சொல்வது அவள் வேலை. அணியிலேயே அதிகம் படித்தவள், அதிகம் எரிந்து விழுகிறவளும் அவள்தான். அவள் முன்னால் பயனெண் வரிசை திரையில் ஓடியது. எகிறிக் குதித்துப் பந்தைச் சுழலவிட்டு அடிக்கும் ஜம்ப் ஸ்பின், அதாவது எகிறு சுழல், எழுபத்தொன்று. எகிறினாலும் சுழலவிடாமல் பந்தை மிதக்க விடும் எகிறு மிதவை நாற்பத்து நாலு. நின்ற இடத்திலிருந்தே தட்டிவிடும் நின்ற மிதவை இருபத்தொன்பது.

"இது எனக்கு மனப்பாடம்லா பிள்ள. சுழல் போடத் தெரிஞ்சவன் மனுசன், மத்தவன்லாம் சும்மா."

"அண்ணே, இந்த எழுபத்தொண்ணு எங்கருந்து வந்துச்சுன்னு என்னைக்காவது கேட்டியளா?"

"அடிச்சு ஜெயிச்ச பந்த எண்ணுதாங்க."

"அதான் இல்ல." அவள் நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள். "தீர்ந்த பந்தயும் ஜெயிச்ச பந்துன்னே சேத்துக்கிடுது. சுழல் நல்லதுன்னு சொல்லி விசில் ஊதுது. விசில் ஊதுனதால ஒரு புள்ளி. அந்தப் புள்ளிய வச்சு, பாத்தியா சுழல் எம்புட்டு நல்லதுன்னு இன்னும் ரெண்டு நம்பர் கூட்டுது. மிதவைக்கும் இதே கததான், இறங்குமுகமா. இந்த எழுபத்தொண்ணுல நெசமாவே கைபட்ட பந்து எத்தனன்னு தேடுனேன். விரல் விட்டு எண்ணிரலாம், எனக்கே வெக்கமாப் போச்சு."

சேர்மத்துரை திரையையே பார்த்தான். இந்த எண்ணுக்காகத்தான் அவன் மிதவையை விட்டான். நன்றாக வந்துகொண்டிருந்த மிதவை. பந்து வலையைத் தாண்டிய பிறகு இடதா வலதா என்று அதற்கே தெரியாமல் ஆடும், எடுக்க வந்தவன் கையை அங்கே நீட்டுவதா இங்கே நீட்டுவதா என்று திணறுவான். அதைப் பார்ப்பதில் அவனுக்கு அத்தனை ஆசை. நாற்பத்து நாலு என்று சொல்லி அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவனும் கொடுத்துவிட்டான். கொடுத்தவன் மேல்தான் இப்போது அவனுக்குக் கோபம் அதிகம் வந்தது.

"கீழ்வீச்சுக்கு எவ்வளவு?"

"கையக் கீழ வச்சுத் தூக்கி அடிக்கிறதா? ஆம்பளைய லீக்ல அத யாரு போட்டா?" அவள் தேடினாள். வரிசையின் கடைசிவரை உருட்டிப் பார்த்தாள். "நம்பர் இல்லண்ணே. பூஜ்யம்கூட இல்ல, காலியாக் கெடக்கு. எண் இல்லாததுக்கு அதால எதையும் தீத்துச் சொல்ல முடியாது."

"அப்போ விசில் வராது."

"வராது. ஆனா அத ஸ்கூல் பிள்ளையல்லா போடும்?"

பணகுடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும் போடுவதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் வருகிற காற்று, குடையை மட்டுமில்லை, குடை பிடித்தவனையும் சேர்த்துத் தள்ளும். காற்றாலைகளுக்கு நடுவே கிடக்கும் மைதானங்களில் சாயங்காலம் ஆடுகிறவர்கள் அந்த இரண்டு மாதமும் ஒழுங்காகச் சர்வீஸ் போட முடியாது. மேலே தூக்கிப் போட்ட பந்து திரும்பித் தலைக்கு வராது, பக்கத்துக் காட்டுக்குப் போய்விடும். அதனால் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு கீழிருந்து ஓங்கி ஒரே தூக்கு. பந்து பனை உயரத்துக்குப் போகும். அங்கே காற்று அதை வாங்கிக்கொள்ளும். அதன் பிறகு அது எங்கே இறங்கும் என்பது போட்டவனுக்கும் தெரியாது. இதற்கு ஊரில் 'வாளி' என்று பெயர். லீக் ஆட்டக்காரர்கள் வாளி போடுவதில்லை, அது கௌரவக் குறைச்சல். மண்டபத்துக்குள் காற்றும் இல்லை.

அன்று வெளியே வந்து பைக்கை எடுத்தபோது காற்று அதைச் சாய்த்துத் தள்ளியது. நிமிர்த்திப் பிடித்தபடி சேர்மத்துரை மண்டபத்தின் கூரையை அண்ணாந்து பார்த்தான். இரண்டாகப் பிரிந்து விலகுகிற கூரை அது. கட்டின நாளிலிருந்து ஒரு ஆட்டத்துக்கும் திறந்ததில்லை. பைக்கை மறுபடியும் ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே ஓடினான்.

விதி இருந்தது. உள்ளூர் அணி கேட்டால் கூரையைத் திறக்கலாம். வெயிலில் ஏசி நின்றுபோனால் உதவட்டும் என்று எவரோ புண்ணியவான் எழுதி வைத்திருந்தார். அய்யாக்குட்டி முதலில் முடியவே முடியாது என்றான். ஊரே சிரிக்கும் என்றான். பிறகு, "எப்பிடியும் போகப்போற கட்சிதான. காத்தோட போவட்டும்" என்று கையெழுத்துப் போட்டான்.

சனிக்கிழமை சாயங்காலம் கூரை கிறீச்சிட்டுக்கொண்டு விலகியபோது முதலில் உள்ளே வந்தது புழுதி. பிறகு காற்று. விளம்பரத் தட்டிகள் படபடவென்று அடித்துக்கொண்டன. தலைநகர் அணியினர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நடுவரைப் பார்த்தார்கள். நடுவர் விதிப்புத்தகத்தைப் பார்த்தார். கணிப்பி உத்தரத்தில் லேசாக ஆடியது.

தலைநகரின் முதல் சர்வீஸ். ஆறடி ஏழங்குல ஆள், லீக்கிலேயே உயர்ந்த பயனெண் அவனுக்கு. டாஸ் போட்டான், ஓடினான், எகிறினான், கையை ஓங்கி நிறுத்தினான். விசில் வரவில்லை. காற்று பந்தை ஒரு முழம் இழுத்துப் போயிருந்தது, கணிப்பியால் உறுதி சொல்ல முடியவில்லை. பந்து அவன் காலடியில் விழுந்தது. புள்ளி பணகுடிக்கு. அந்த ஆள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அடிக்க வேண்டும் என்பது அவனுக்கு ஞாபகமே வரவில்லை.

பணகுடிப் பக்கமும் வீரம் ஒன்றும் பொங்கி வழியவில்லை. எதிரே வந்த பந்தை இரண்டு பேர் எனக்கு எனக்கு என்று எடுக்கப்போய் முட்டிக்கொண்டார்கள். அய்யாக்குட்டி ஏற்றிக் கொடுத்த பந்தை அடிக்க எகிறியவன் வலையில் மாட்டிக்கொண்டான். போனில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் நிமிர்ந்து சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது. பந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய்வந்துகொண்டிருந்தது. ஒரு பந்து இத்தனை தடவை வலையைத் தாண்டி இவர்களில் பாதிப்பேர் பார்த்ததில்லை.

காற்று ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அடித்தது. அதற்கு எதிராக நின்று போட்டால் சுழல் கல்மாதிரி இறங்கியது, எவ்வளவு பலமாக அடித்தாலும் எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே போகவில்லை. காற்றுக்கு முதுகு காட்டிப் போட்டால் அதே சுழல் கூட்டத்துக்குள் போய் விழுந்தது. மிதவை எதிர்க்காற்றில் பேய் பிடித்ததுபோல ஆடியது. சேர்மத்துரை சுழலையும் இரண்டு மிதவைகளையும் மாற்றி மாற்றிப் போட்டான். எப்போதெல்லாம் பலகையில் எதிராளியின் எண் தொண்ணூறை நெருங்கியதோ அப்போதெல்லாம் விசிலுக்கு இடம் தராமல் வாளி போட்டான். ஊர்ச் சனம் முதல் வாளியைப் பார்த்ததும் ஓவென்று கத்தியது. பலகையில் 'கீழ்வீச்சு' என்ற இடத்தில் ஒன்றுமே வரவில்லை.

அந்த வாளிகள் எல்லாம் ஒரே ஆள் தலையில் போய் இறங்கின. யுகேந்திரன், தலைநகரின் லிபரோ. எதிராளியின் சர்வீஸை எடுத்துக் கொடுப்பதற்கென்றே வேறு நிறப் பனியன் போட்டு நிறுத்தப்பட்ட ஆட்டக்காரன். இந்த லீக்கில் லிபரோ வேலையைப்போலச் சும்மா நிற்கிற வேலை வேறு இல்லை. முதல் வாளிக்கு அவன் வலதுபக்கம் ஓடினான், பந்து இடதுபக்கம் விழுந்தது. இரண்டாவதில் நிலை தடுமாறி உட்கார்ந்துவிட்டான். மூன்றாவதோ நான்காவதோ மணிக்கட்டில் பட்டுத் தெறித்துக் கூட்டத்துக்குள் போனது. புள்ளி போய்விட்டது. ஆனால் யுகேந்திரன் தன் முன்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். பந்து பட்ட இடம் சிவந்திருந்தது. அடுத்த பந்துக்கு அவன் குனிந்து நின்ற தினுசே வேறாக இருந்தது. பிறகு எடுக்க ஆரம்பித்தான், ஒவ்வொன்றாக, கோணல்மாணலாக. சேர்மத்துரைக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. எதிராளிதான், ஆனாலும் பிடித்துப்போயிற்று.

இரண்டு செட் அவர்களுக்கு, இரண்டு செட் இவர்களுக்கு. ஐந்தாவது செட்டில், பதினைந்தில் முடிய வேண்டிய செட்டில், பதினாலு பதின்மூன்று என்று பணகுடி முன்னால் இருந்தது. எல்லாருக்கும் மூச்சு இரைத்தது, முட்டி தேய்ந்திருந்தது, வேர்வை கண்ணில் இறங்கியது. சர்வீஸ் சேர்மத்துரைக்கு. இன்னும் ஒரு புள்ளி வந்தால் அணி பிழைத்தது.

அப்போது காற்று நின்றது. சூரியன் இறங்குகிற நேரத்தில் சில நாள் அப்படிக் கொஞ்சநேரம் ஓயும். தட்டிகள் அடங்கின. பலகையில் சேர்மத்துரையின் பெயரும் எண்ணும் வந்தன. அன்று அவன் நிஜமாகவே அடித்து ஜெயித்த சுழல்களையெல்லாம் கணிப்பி உடனுக்குடன் சேர்த்துக்கொண்டிருந்தது. எகிறு சுழல், தொண்ணூற்றொன்று.

கூட்டம் ஒரு நிமிடம் புரியாமல் பார்த்தது. புரிந்ததும் மண்டபம் அதிர்ந்தது. அய்யாக்குட்டி உடனே டைம் அவுட் கேட்டான். ஓடிவந்து சேர்மத்துரையின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"ஏல சேர்மா, பாத்தியா? தொண்ணூத்தி ஒண்ணு! டாஸ மட்டும் போடு. காலையில போடுவோம்லா, அதேதான். விசில் வந்துரும். முடிஞ்சு."

சேர்மத்துரை பலகையைப் பார்த்தான். "அந்த விசில் எனக்கு வேண்டாம்டே."

"என்னது?"

"வாளி போடப் போறேன்."

அய்யாக்குட்டி தோளிலிருந்து கையை எடுத்தான். "கிறுக்குப் பிடிச்சிருக்கால ஒனக்கு? காத்து நின்னுட்டு. காத்தில்லாத வாளிய அந்த லிபரோ கண்ண மூடிட்டு எடுப்பான். சும்மா குடுக்கத வேண்டாங்குதியே!"

"அடிச்சே ஜெயிப்போம். இம்புட்டு நேரம் அப்பிடித்தான வந்தோம்?"

"தோத்தா?"

"அடிச்சுத் தோப்போம்."

"ஒனக்குச் செல்வக்கனி அக்கா சம்பளம் இருக்கு. இவனுவளுக்கு என்னல இருக்கு? நாளைக்கு நான் எங்கன போய் நிப்பேன்?"

அது நியாயமான கேள்வி. சேர்மத்துரை சுற்றி நின்ற நாலைந்து முகங்களையும் பார்த்தான். ஜெசிந்தாவைப் பார்த்தான். அவள் என்னைக் கேட்காதீர்கள் என்பதுபோல உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அய்யாக்குட்டி, இந்த வருசம் பூரா நமக்கு எதிரா ஊதுன விசில்தான் இது. ஒவ்வொரு தடவயும் ரூமுக்குள்ள போயி, அநியாயம் அநியாயம்னு கத்துனது யாரு? நீதான? இன்னைக்கு நமக்கு ஊதிட்டா அது நல்ல விசில் ஆயிருமால? இத வாங்கிட்டா நாளைக்கு எந்த வாய வச்சுக் கத்துவ?"

"நாளைக்குக் கத்ததுக்கு டீமு இருக்கணும்லா!"

"டாஸ் போடுத டீமா இருந்து என்னத்துக்கு?"

அய்யாக்குட்டி என்னவோ சொல்ல வந்தான். நடுவர் கையைக் காட்டினார். எல்லாரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள். வாளி போடக் கூடாது என்று அவனைத் தடுக்கிற விதி எதுவும் இல்லை.

சேர்மத்துரை எல்லைக்கோட்டுக்குப் பின்னால் போய் நின்றான். பயமாக இருந்தது. டாஸ் போட்டுவிடலாமே என்று மனசு ஒரு பக்கம் கெஞ்சியது, அதை அவன் தன்னிடமே மறைக்கவில்லை. பந்தை இடதுகையில் தாழ்வாகப் பிடித்தான். கூட்டத்தில் பாதிப்பேர் "சுழல்! சுழல்!" என்று கத்தினார்கள். ஊர்க்காரன் ஒருவன் கெட்டவார்த்தையே சொன்னான். நீல விளக்கு எரியத் தயாராகக் காத்திருந்தது. அவன் வலதுகையைப் பின்னால் கொண்டுபோய்க் கீழிருந்து ஓங்கித் தூக்கினான்.

பந்து நேராக மேலே போனது. உத்தரத்தைத் தாண்டி, கணிப்பியைத் தாண்டி, திறந்த வானத்துக்குள் போய்ச் சின்னதாயிற்று. விசில் இல்லை. பிறகு திரும்பி வந்தது. காற்றில்லாததால் ஆடவும் இல்லை, அசையவும் இல்லை, நேரே யுகேந்திரனை நோக்கி இறங்கியது. அவன் ஒரே ஒரு எட்டு பின்னால் வைத்தான். கைகளைக் கோத்தான், முழங்காலை மடித்தான், அத்தனை உயரத்திலிருந்து வந்த பந்தை முன்கையில் ஏந்தி, ஒரு சத்தமும் இல்லாமல் தன் அணியில் பந்தை ஏற்றிக் கொடுக்கிறவன் கையில் கொண்டுபோய் வைத்தான். அதைவிட நன்றாக ஒரு பந்தை எடுக்க முடியாது. அடுத்த நொடி அந்த நெட்டை ஆள் எகிறி அடித்தான், பணகுடிப் பக்கம் தரை அதிர்ந்தது. பதினாலுக்குப் பதினாலு.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல ரொம்ப நேரம் ஆகாது. சர்வீஸ் தலைநகருக்குப் போனது. காற்று இன்னும் திரும்பவில்லை. நெட்டை ஆள் டாஸ் போட்டு, ஓடி, எகிறி, கையை ஓங்கி நிறுத்தினான். விசில். நீல விளக்கு. மறுபடியும் டாஸ், விசில், விளக்கு. பதினாறு பதினாலு. இரண்டு பந்தும் அடிபடாமல் அவன் காலடியிலேயே கிடந்தன. பணகுடி அணி லீக்கிலிருந்து போயிற்று.

யாரும் கத்தவில்லை. இரண்டு மணி நேரமாகத் தொண்டை கிழியக் கத்திய கூட்டம் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஜெயித்த அணியும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. நெட்டை ஆள் ஓங்கிய கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, யாரோ தப்பு செய்துவிட்டதுபோல அங்கேயும் இங்கேயும் பார்த்தான். சேர்மத்துரை தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுகை வந்தது, அழுதான். டாஸ் போடாததற்காக வருத்தப்பட முயன்று பார்த்தான். வருத்தம் தோற்றதற்குத்தான் வந்தது, அதற்கு வரவில்லை.

ஜெசிந்தா பக்கத்தில் வந்து நின்றாள். "அண்ணே, கீழ்வீச்சுக்கும் நம்பர் போட்டுட்டாவ. முப்பத்தெட்டாம்."

"போடட்டும்," என்றான் சேர்மத்துரை, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நாளைக்கு இடது கையால போடுவேன். அதுக்கும் போடட்டும்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் அவனுக்குக் கையை நீட்டித் தூக்கிவிட்டாள். அய்யாக்குட்டி வலைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றான்.

அப்போது வலைக்குக் கீழே குனிந்து யுகேந்திரன் இந்தப் பக்கம் வந்தான். தன் அணிக்காரன் காலடியில் அடிபடாமல் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு வந்திருந்தான். முன்கை இரண்டும் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை செக்கச்செவேலென்று கன்றியிருந்தன.

"அண்ணா, நான் இந்த வேலைக்கு வந்து இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் ஆடியிருக்கேன்," என்றான். "அவன் போட்டது ரெண்டும் ஆட்டமே இல்லண்ணா. எங்களுக்கு அந்தப் புள்ளி வேணாம். இன்னொண்ணு போடுங்க. நான் எடுக்கறேன்."

"மேட்ச் முடிஞ்சு போச்சே தம்பி."

"தெரியும்ணா. போடுங்க."

பந்தை அவன் கையில் வைத்துவிட்டு யுகேந்திரன் திரும்பிப் போய்த் தன் இடத்தில் குனிந்து நின்றான். நெட்டை ஆள் அவனைப் பார்த்தான். கொஞ்சம் யோசித்தான். பிறகு வலையோரம் போய் நின்றான். மற்றவர்களும் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். இந்தப் பக்கம் அய்யாக்குட்டி கம்பத்தைவிட்டுத் திரும்பினான். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"ஒன்ன நான் மன்னிக்கல," என்றான். "மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்கிட்டு வந்துராத. போடுல."

சேர்மத்துரை போட்டான். யுகேந்திரன் எடுத்தான், நெட்டை ஆள் அடித்தான். அய்யாக்குட்டி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அதைத் தூக்கிவிட்டான், பந்து மறுபடியும் வலையைத் தாண்டியது. கூட்டம் எழுந்து நின்றது. எந்த ஆட்டம் இது, எத்தனைக்கு எத்தனை என்று கணிப்பிக்குத் தெரியவில்லை, அது விசிலை ஊதியது. யுகேந்திரன் ஓடிக்கொண்டிருந்தான். திரும்ப ஊதியது. நடுவரும் தன் பங்குக்கு வாயில் வைத்து ஊதினார். விசில் விடாமல் ஊதிக்கொண்டே இருந்தது, ஒருவரும் நிற்கவில்லை.